அல்லிராணிக் கோட்டை

மன்னாரிலிருந்து தெற்கே செல்வோர், அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையே, கடலைப் பார்த்த மண்மேட்டின் விளிம்பில் சிதைந்த மாளிகையொன்றைக் காண்பர். ‘அல்லிராணிக் கோட்டை’ என்பது ஊரார் வழக்கு. முத்துக்கடலை ஆண்ட அரசியாக அல்லியைக் கூறும் கதை குதிரைமலை வரை இக்கரையெங்கும் உலவுவது. கற்றவர் இதைக் கேட்டு முறுவலிப்பர். அது கோட்டையுமன்று, அல்லிக்குரியதுமன்று. 1798 முதல் 1805 வரை இலங்கையின் ஆங்கிலத் தேசாதிபதியாயிருந்த பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் தங்குவதற்கென எழுப்பிய மனை என்பர். மெய்தான். ஆயினும் அந்த முறுவலில் எமக்கு உடன்பாடில்லை.

நோர்த் கிரேக்க நாட்டின்மேல் தீராத காதல் கொண்டவர். பிற்காலத்தில், 1824இல், கோர்பு தீவில் அயோனியக் கல்விக்கழகத்தை நிறுவியவரும் அவரே. ஆதலின் வெயிலும் மணலும் மண்டிய நம் கரையிலும் டொறிக் முறையிலமைந்த தூண்களையே நாட்டினார். ‘டொறிக்’ என்றே வீட்டுக்கும் பெயராயிற்று. அக்காலத்தில் இலங்கையில் வாழ்ந்த பாதிரியார் யேம்ஸ் கோடினர் 1807இல் வெளியிட்ட நூலில், இத்தீவின் கட்டடங்களுள் அழகிற் சிறந்தது இதுவே என்னும் கருத்தை எழுதி வைத்தார்.

ஆனால் கிரேக்கரின் தூண் கல்லாலானது. அரிப்பிலே கிரேக்கப் பளிங்குக்கு எங்கே போவது? செங்கல்லை வட்டமாக அடுக்கித் தூணாக்கினர். அதன்மேல் சிப்பிச் சுண்ணாம்புச் சாந்தைப் பூசிப் பளிங்கென மின்னும்வரை தேய்த்தனர். வடிவம் ஏதென்சிலிருந்து வந்தது. மெருகோ கீழைக்கரைகளின் கொத்தர்கள் வழிவழி அறிந்த வித்தை. கோடினரின் கண்ணைக் கவர்ந்த அந்த வெண்மையிற் பாதிப் புகழேனும் பெயரெழுதப்படாத அக்கைகளைச் சாராதோ?

அவ்வீட்டை இங்கே வரவழைத்ததும் முத்துத்தான். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை, காயல்பட்டின முஸ்லிம்கள், அரபுநாட்டார் எனப் பலரும் சலாபத்துக்கு வந்து கூடுவர். கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தால் பாரில் இறங்கி, மூச்சடங்கும்முன் கூடை நிறையச் சிப்பி வாரி மீள்வர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’க்குக் கூலி கொடுத்தது வெள்ளை அரசாங்கம்! (பகுத்தறிவு வரவுக்கணக்கின் முன்னே சற்று விலகியே நிற்கும் போலும்.) ஓலைக்குடிசைகளால் ஒரு பட்டினம் எழும், குளிப்பு முடிந்ததும் மறையும். கொள்ளைநோய் புகுந்து அப்பட்டினத்தைக் கலைத்த ஆண்டுகளும் உண்டு. மாடியிலிருந்தோர் கணக்கு ஏடுகளில் இருக்கிறது. ஓலையின்கீழ் மாண்டோர் பெயர்கள் எங்கே? 1905இன் பெருங்குளிப்பையடுத்து, 1906இல் பார்கள் இலண்டன் கம்பெனியொன்றுக்குக் குத்தகையாயின. சில ஆண்டுகளிலே சிப்பி அற்றுப்போயிற்று.

இன்று எஞ்சியவை சில சுவர்களும் சாந்து உதிர்ந்த தூண்களுமே. சாந்து போனால் செங்கல்லுக்குக் காவலில்லை. உப்புக்காற்று உட்புகுந்து அதைப் பொடியாக்குகிறது. அடியிலே அலை மேட்டைக் குடைகிறது. அரித்தெடுப்பதும் அரிப்பு, கரையைக் கடல் தின்பதும் அரிப்பு. ஊருக்கு இப்பெயர் எதனால் வந்ததோ, இரண்டும் அங்கே நடந்துவிட்டன.

வெள்ளையன் வீடு வீழ்ந்தாலென்ன என்பார் ஒருசாரார். வீழ்வது அவன் செங்கல் மட்டுமன்று என்பதை மேலே சொன்னோம். புதிதாகக் கட்டி உல்லாசப் பயணிகளை அழைக்கலாம் என்பார் மற்றொருசாரார். புதுச் சீமெந்துத் தூண் நோர்த்தின் தூணுமாகாது, நம் கொத்தரின் தூணுமாகாது. கல்லணை போட்டுக் கடலைத் தடுக்கலாமே எனின், மணற்கரையில் ஓரிடத்தே தடுத்த அலை அடுத்த இடத்தைத் தின்னும். அடுத்த இடத்தில் வாழ்வோர் மீனவர்.

ஆகவே நாம் வேண்டுவது சிறிது. சுவரின் கனம், தூணின் சுற்றளவு, செங்கல்லின் அளவு யாவற்றையும் அளந்து வரைந்து வைத்தல். சாந்தில் ஒரு துண்டை எடுத்துச் சோதித்தல். பருவந்தோறும் படம் பிடித்தல். பெயர்ப்பலகையில் ‘டொறிக்’ என்பதற்குச் சமமான எழுத்தில் ‘அல்லிராணிக் கோட்டை’ என்றும் பொறித்தல். அக்கதையை முதியோர் வாய்மொழியாகப் பதிந்துகொள்ளல். இக்கடைசி வேலைதான் அவசரமானது. 1990இல் முசலிப்பற்று முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 2007இல் போர் எஞ்சியோரையும் பெயர்த்தது. மீண்டு வந்தோருள் பழைய கதையைப் பழையபடி சொல்லவல்லார் எத்தனை பேர்?

வைகாசியில் சோளகம் எழும். அதற்கு முன்னர் அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு யாரேனும் அம்மேட்டில் ஏறுவார்களா?