ஊடல் வேறு, ஐயம் வேறு

திருக்குறளின் இறுதி அதிகாரங்களைப் பாடம் நடத்தும் நாட்களில் வகுப்பறையில் எப்போதும் ஒரு மலர்ச்சி தோன்றும். 'புலவி நுணுக்கம்' என்னும் 132-ஆம் அதிகாரம் அதற்குத் தனிச் சிறப்புடையது. கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள், வாழ்த்தி முடிப்பதற்குள், எவளோ நினைத்ததால் வந்த தும்மல் இது என்று அழத் தொடங்குகிறாள். மறுமுறை அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். அடக்கியதிலும் ஒரு கள்ளத்தைக் கண்டு அதற்கும் அழுகிறாள். மாணவர்கள் சிரிப்பார்கள். சென்ற ஆண்டு அப்படிச் சிரிப்பு எழுந்த வேளையில், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தேறி வரும் மாணவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, மனைவி இப்படிக் கேட்டால் ஊடல் என்கிறீர்கள். இதையே கணவன் கேட்டால் அதற்கு என்ன பெயர்?" என்றாள்.

உடனே விடை கூற இயலவில்லை. அன்று மாலை தொல்காப்பியத்தைப் புரட்டினேன். புலவியும் ஊடலும் தலைவனுக்கும் உரியவை என்று கற்பியலில் ஆசிரியர் ஒப்புகிறார். ஆயினும் இரண்டே இடங்களில்தான். தான் எத்துணை தெளிவித்தும் தலைவியின் ஊடல் எல்லை கடந்து நீளும்போது ஒன்று. சந்திப்பதற்குக் குறித்த குறி தவறிப்போகும்போது மற்றொன்று. மனைவியின் ஒழுக்கத்தை ஐயுற்று, அவள் வருகையையும் போக்கையும் அளந்துகொண்டிருக்கும் கணவனுக்கு அங்கே இடமில்லை. அவனைப் பெருந்திணையில் சேர்க்கலாமோ எனின், அதற்கும் பொருந்தாததாயினும் ஒரு காமம் வேண்டுமே! அகப்பொருள் அவனைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது என்றே கொள்கிறேன். ஆனால் வாழ்க்கை அவனை வெளியே நிறுத்தவில்லை. வீட்டுக்கு வீடு அவன் இருக்கிறான்.

அந்த மனிதனைத் தமிழ்த் திரையில் ஒளிவு மறைவின்றிக் காட்டிய படம், 1977-இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'அவர்கள்'. கல்லூரி மலரில் திரைப்படத்தைப் பற்றி எழுதுவது பெரியோர் சிலருக்கு உவப்பாக இராது என்பதை அறிவேன், பொறுத்தருள வேண்டுகிறேன். அம்மாணவியின் வினாவுக்கு நான் கண்ட விடை அப்படத்தில்தான் இருக்கிறது.

கதை பலர் அறிந்ததே. அனு என்னும் பெண் (சுஜாதா) பரணி என்பவனை (ரவிக்குமார்) விரும்பியவள். சூழ்நிலையால் அக்காதல் கைகூடாமற் போக, ராமநாதனை (ரஜினிகாந்த்) மணக்கிறாள். மணந்தபின் அவளுடைய பழைய காதலே அவன் கையில் ஆயுதமாகிறது. அவள் மணவிலக்குப் பெற்று, கைக்குழந்தையோடு சென்னைக்கு வந்து வேலையில் அமர்கிறாள். அங்கே உடன் பணியாற்றும் ஒருவன் (கமல்ஹாசன்) அவளை மௌனமாக விரும்புகிறான். பொம்மையைப் பேசவைக்கும் கலைஞனாகிய அவன், தன் வாயால் சொல்லக் கூசுவதைப் பொம்மையின் வாயால் சொல்கிறான். பரணியும் மீண்டும் எதிர்ப்படுகிறான். போதாக்குறைக்கு, விட்டு வந்த கணவனே அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரியாக வந்து சேர்கிறான். திருந்தியவன் போல் நடிக்கிறான்.

ராமநாதன் பாத்திரத்தின் கொடுமை கூச்சலில் இல்லை. அவன் சிரிக்கிறான், நயமாகப் பேசுகிறான், அடுத்தவர் பார்வைக்குப் பண்பாளனாகவே தோன்றுகிறான். பிற்காலத்தில் ரசிகர்கள் கைதட்டிக் கொண்டாடிய அதே உடல்மொழி இப்படத்தில் ஒரு பெண்ணை அணு அணுவாக நொறுக்கும் கருவியாக இருப்பதைக் காணும்போது மனம் திடுக்கிடுகிறது. அவனுக்கு மனைவியிடம் காதல் இல்லை. உடைமை உணர்ச்சி உண்டு. அவளுடைய நினைவுக்குள்ளும் தனக்கு முன் ஒருவன் இருந்திருக்கக் கூடாது என்பது அவன் வேட்கை. ஒருவருடைய கடந்த காலத்தை எவராலும் உடைமையாக்கிக்கொள்ள இயலாது. ஆகவே அந்த வேட்கைக்கு நிறைவும் இல்லை, முடிவும் இல்லை.

இதற்கு முன் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. நோயுற்ற கணவன், தனக்கு மருத்துவம் செய்பவரே மனைவியின் முன்னாள் காதலர் என்று அறிகிறான். தான் இறந்தால் அவரை மணந்துகொள்ளுமாறு மனைவியை வேண்டுகிறான். கண்ணீர் வரவழைக்கும் படம். ஆனால் அத்தகைய கணவரை நான் திரையில் அன்றி வேறெங்கும் கண்டதில்லை. ராமநாதனைக் கண்டிருக்கிறேன். 'அவர்கள்' படத்தை பாலசந்தரே 1979-இல் தெலுங்கில் எடுத்தபோது 'இதி கத காது' என்று பெயரிட்டார்; 'இது கதையன்று' என்பது அதன் பொருள். பொருத்தமான பெயர்.

படத்தின்மீது எனக்குக் குறையும் உண்டு. ராமநாதனின் நடிப்பை நம்பி அனு ஏறத்தாழ அவனிடமே திரும்பும் நிலைக்கு வந்துவிடுகிறாள். அப்போது அவனுக்கு இன்னொரு மனைவி இருப்பது வெளிப்படுகிறது, அவள் தப்புகிறாள். இயக்குநருக்கு ஏன் அந்த இன்னொரு மனைவி தேவைப்பட்டாள்? அவன் அவளை முன்பு வதைத்தது போதாதா? பார்வையாளர் ஒப்புக்கொள்ள வேண்டுமாயின் ஒரு 'பெரிய' காரணம் வேண்டும் என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும். கதையின் மிகத் துணிவான இடத்தில் துணிவு சற்றே பின்வாங்கியது என்பது என் கருத்து. எனினும் இறுதியில் அனு மூவரில் எவரையும் சார்ந்து நிற்கவில்லை; ஊரைவிட்டுப் புறப்படுகிறாள். அவளோடு துணையாகச் செல்பவள் அவளுடைய மாமியார், அதாவது ராமநாதனைப் பெற்ற தாய். மகன் செய்தது தவறு என்று மருமகள் பக்கம் நிற்கும் அந்த மூதாட்டிக்காகவே இப்படத்தை நம் இல்லத்துப் பெரிய பெண்மணிகள் ஒருமுறை பார்க்கலாம்.

அந்தப் 'பெரிய காரணம்' என்ற சொல்லுக்குத்தான் வருகிறேன். மாணவி கேட்டது பாடத்துக்கான ஐயமன்று என்பது சில நாட்களில் தெரிந்தது. அவளுடைய அக்காள் கணவன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். கணவர் வளைகுடாவில் பணிபுரிபவர். நாளொன்றுக்குப் பலமுறை காணொலி அழைப்பு. எடுக்கத் தாமதமானால் வசை. எடுத்தால் கைப்பேசியை அறை முழுதும் சுற்றிக் காட்ட வேண்டும், கதவுக்குப் பின்புறம் உட்பட. விடுமுறைக்கு வரும் நாளை முன்னறிவிக்காமல் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினாராம். ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்து விசாரித்தார்கள். அடித்தாரா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். செலவுக்குப் பணம் அனுப்புகிறாரா என்று கேட்டார்கள், அனுப்புகிறார் என்றாள். அவ்வளவுதான். ஆண்மகனுக்கு ரோஷம் இருக்கத்தானே செய்யும், பெரிய காரணம் ஒன்றும் இல்லையே என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்களில் பிற சமயத்தாரின் பஞ்சாயத்துகளிலும் இதே வினா, இதே விடை என்பதை என் பிற மாணவியர் வாயிலாக அறிவேன். ஆனால் நம்மிடம் இதற்கு நெறி இருந்தும் நாம் அதை எடுத்துப் பாராதிருப்பதுதான் என் மனத்தை வருத்துகிறது.

நெடும்பயணம் சென்ற ஒருவர், மனைவியை ஐயுற்றோ அவளது குறையைத் தேடியோ இரவில் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் நுழைவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் இது இடம்பெற்றுள்ளது. ஒட்டகத்தில் திரும்பி வந்தவருக்குச் சொன்னது, விமானத்தில் வருபவருக்கும் கைப்பேசிக் கண்ணால் வீட்டுக்குள் நுழைபவருக்கும் பொருந்தாதா? ஐயத்தையும், துருவி ஆராய்தலையும், புறம்பேசுதலையும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து விலக்குகிறது அல்ஹுஜுராத் அத்தியாயம். ரோஷத்திலும் இறைவன் விரும்புவது உண்டு, வெறுப்பதும் உண்டு. ஐயத்துக்கு இடமில்லாத இடத்தில் எழுவது வெறுக்கப்படுவது என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் உள்ளது. நம் பெரியவர்கள் 'ரோஷம்' என்று ஒரே சொல்லில் அடக்கியதை அந்நபிமொழி இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது.

மனைவியின் பொறாமையை அண்ணலார் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதும் நோக்கத்தக்கது. மற்றொரு துணைவியார் அனுப்பிய உணவுத் தட்டைப் பொறாமை மிகுதியால் உடைத்த நிகழ்ச்சி புகாரியில் உண்டு. உடைத்தவர் அன்னை ஆயிஷா (ரலி) என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. நபியவர்கள் சினக்கவில்லை. உடைந்த துண்டுகளைத் தம் கையாலேயே சேர்த்தெடுத்து, வந்திருந்தோரிடம் அன்னைக்குப் பொறாமை வந்துவிட்டது என்ற அளவில் கூறி, நல்ல தட்டு ஒன்றை ஈடாகக் கொடுத்தனுப்பினார்கள். வள்ளுவரின் தும்மல் காட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்க காட்சி இது. அதே அன்னையின்மீது அவதூறு எழுந்தபோதோ, இறைவசனமே இறங்கி அவரைத் தூய்மையானவர் என நிறுவியது. நான்கு சாட்சிகளைக் கொண்டுவராமல் ஒரு பெண்ணின் கற்பின்மீது பழி சுமத்துவோரைக் கடுந்தண்டனைக்கு உரியவராக்கியதும் அந்த அந்நூர் அத்தியாயமே.

பெரிய காரணம் வேண்டுமா என்பதற்கும் விடை உண்டு. தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபியவர்களிடம் வந்தபோது, கணவருடைய மார்க்கத்திலோ குணத்திலோ தாம் குறை காணவில்லை என்றே கூறினார். ஆயினும் அவரோடு வாழ இயலாது என்றார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் செய்து, அவரை விடுவிக்குமாறு தாபித் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் பணித்தார்கள். குலஃ என்னும் பெண்ணுரிமைக்கு அடிப்படையான நிகழ்ச்சி இதுதான். பாலசந்தருக்குத் தேவைப்பட்ட இன்னொரு மனைவி அந்த மதீனத்துப் பெண்மணிக்குத் தேவைப்படவில்லை. நாட்டுச் சட்டமும் இதில் பின்தங்கவில்லை. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம், உடலில் கைவைக்காவிடினும் நடத்தையின் கொடுமையால் மனைவியின் வாழ்வைத் துயரமாக்குவதையே மணமுறிவுக்குப் போதிய காரணமாகக் கொள்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லாலும் உணர்வாலும் செய்யும் வதையையும் வன்முறையாகவே எண்ணுகிறது.

எல்லா ஐயமும் தீய குணத்தால் வருவதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆதாரமின்றித் துணையை ஐயுறும் மனநோய்க்கு 'ஒதெல்லோ நோய்க்குறி' என்று டாட், டியூஹர்ஸ்ட் என்னும் இரு மருத்துவர்கள் 1955-இல் பெயரிட்டார்கள். ஷேக்ஸ்பியரின் அந்நாடகத்தைப் படித்திராதவரும் 'இரத்தத் திலகம்' (1963) படத்தில் சிவாஜி கணேசன் ஒதெல்லோவாகத் தோன்றும் காட்சியை நினைவுகூரலாம். நெடுநாள் மதுப் பழக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் நன்கறிவார்கள். சாராயக்கடை எளிதில் எட்டும் தொலைவில் இருக்கும் நம் புதுவைக் கிராமங்களில் இதைக் கவனியாது விடலாகாது. மார்க்கம் மதுவை விலக்கியுள்ளது என்பதால் நம் வீடுகளில் மது இல்லை என்று சாதிப்பவர் தம் தெருவில் ஒருமுறை நடந்து வரட்டும். கோரிமேட்டு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெண்ணைத் திருப்பி அனுப்பும் பேருந்துக்கு ஆகும் செலவில் கணவனை அங்கே அழைத்துச் செல்லலாம்.

ஜமாஅத்துப் பெரியவர்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. பெண்ணைத் தனியே, மூத்த பெண்மணி ஒருவர் உடனிருக்கக் கேளுங்கள். அடித்தாரா என்பதோடு நிறுத்தாமல், ஒரு நாளை எவ்வாறு கழிக்கிறாய் என்று கேளுங்கள். அந்த அக்காள் தன் நாளைச் சொல்லியிருந்தால், தீர்ப்புக்கு அதுவே போதுமாயிருந்திருக்கும்.

மாணவிக்குத் தர வேண்டிய விடை நிலுவையில் இருந்தது. வகுப்பு முடிந்தபின் ஒரு தாளில், 'கணவன் கேட்டால் அதன் பெயர் ஐயம். அது அகத்திணையில் இல்லை' என்று எழுதி, கீழே தாபித் (ரலி) அவர்களின் மனைவியைப் பற்றிய செய்தியையும், 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரையும் குறித்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, அக்காளிடம் காட்டலாமா என்று கேட்டாள். அவளுக்காகத்தான் எழுதினேன் என்றேன். மடித்துத் திருக்குறள் நூலுக்குள் வைத்துக்கொண்டு பேருந்துக்குப் புறப்பட்டாள்.