திண்ணைப் புகை

புகைபிடித்தலின் தீமையை எடுத்தோதும் வியாசங்கள் கலாசாலைச் சஞ்சிகைகளில் வெளிவருவது புதிதன்று. அவற்றைப் படித்து அப்பழக்கத்தைக் கைவிட்டவர் மிகச் சிலரே என்பது நமது அபிப்பிராயம். அவ்வியாசங்களை எழுதுவோர், புகைப்பவன் அடையும் இன்பம் என ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கப் புகுகின்றனர். இல்லாத இன்பத்திற்காக ஒருவன் நாள்தோறும் காசைச் செலவிடுவானா? படிக்கும் இளைஞன் அவ்விடத்திலேயே நகைத்துத் தாளைப் புரட்டிவிடுகின்றான். நாம் புகைப்பவர் அல்லேம். ஆயினும் புகைப்போர் நடுவில் வளர்ந்தோம். ஆதலின் அவ்வின்பத்தை முதலில் ஒப்புக்கொண்டு, பின்னர் அஃது எங்கிருந்து பிறக்கின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நமது ஊர், பல்லடத்தினின்று தாராபுரம் செல்லும் சாலையிலுள்ள பொங்கலூர். சென்ற நூற்றாண்டின் எண்பதுகளில், பொழுது சாய்ந்ததும் நம் பாட்டனார் வீட்டுத் திண்ணையில் நால்வர் கூடுவர். நால்வரும் குடியானவர், மூவர் ஒருவர்க்கொருவர் உறவினர். வந்தவுடன் எவரும் சுருட்டைப் பற்றவைப்பதில்லை. மடியிலிருந்து எடுத்து, விரல்களுக்கிடையே மெல்ல உருட்டி, மூக்கருகே கொண்டுசென்று மணம் பார்த்து, நுனியைக் கடித்து எறிந்த பின்னரே தீப்பெட்டி வெளிவரும். "இது சந்தைச் சரக்குங்களா, மச்சான்?" என்று ஒருவர் தொடங்குவார். "இல்லீங்க மாப்பிள்ளை, திண்டுக்கல்லுங்க. பத்தவச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று மற்றவர் ஒன்றை நீட்டுவார். அப்புறம் அரை நாழிகை இலையைப் பற்றியே பேச்சு நிகழும். உவர்க்கிணற்று நீர் பாய்ந்த புகையிலை மெல்லுவதற்குச் சிறந்தது. அதனையே சுருட்டாகச் சுற்றினால் நெருப்பு நில்லாது அணைந்துவிடும். நீரிலுள்ள உப்பு இலையில் ஏறுவதே இதற்குக் காரணம். இந்நுட்பத்தை நாம் கலாசாலையில் கற்கவில்லை, அத்திண்ணையில் கற்றோம். இலைப் பேச்சு முடிந்தால் கிணற்றின் ஆழம், பருத்தி விலை, வாய்க்கால் திறக்கும் நாள், பெண் கொடுக்கத் தகுந்த வீடு ஆகியன வரிசையாக வரும். நடுநடுவே ஒருவரும் பேசாதிருப்பர். புகை மாத்திரம் எழும்பிக்கொண்டிருக்கும். அம்மௌனத்தில் எவர்க்கும் சங்கடம் இருந்ததாக நமக்கு நினைவில்லை.

இவ்வின்பம் நம்மூர்க்கு மாத்திரம் உரியதன்று. ஐரோப்பாவில் சுங்கான் பிடிப்போர் தமக்குள் சங்கங்கள் அமைத்துக் கூடுகின்றனர். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒருவகைப் புதர்ச்செடியின் வேர்க்கட்டையைக் குடைந்து செய்த சுங்கானை, நம் பெண்டிர் வெண்கலப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் அவர்கள் துடைத்துப் பாதுகாப்பர். அவர்கள் நடத்தும் போட்டியொன்று விந்தையானது. ஒவ்வொருவர்க்கும் 3 கிராம் புகையிலையும் இரண்டே தீக்குச்சிகளும் அளிக்கப்படும். எவர் சுங்கானில் நெருப்பு நெடுநேரம் அணையாதிருக்கின்றதோ அவரே வென்றவர். விரைந்து முடிப்பவன் தோற்கும் பந்தயம் உலகில் வேறு எத்தனை உண்டோ, நாம் அறியோம்.

சுருட்டின் பெருமைக்கும் குறைவில்லை. ஆங்கிலேயர் வழங்கும் 'செரூட்' என்னும் சொல்லே நமது 'சுருட்டு'தான். 1887-இல் வெளிவந்த கானன் டாயில் என்பாரின் முதல் துப்பறியும் கதையில், கொலையாளி விட்டுச்சென்ற சாம்பலைக் கொண்டே அவன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஷெர்லாக் ஹோம்ஸ் தெளிகின்றான். தமிழ்ப் புலவரும் வாளாவிருந்தாரல்லர். சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பி ஒரு பிரபந்தம் பாடினார்; டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனைத் தேடிப் பதிப்பித்தார். மும்மூர்த்திகளிடம் இருந்த இலைகளுள் வில்வமும் துளசியும் போய்விட, பிரமனுடையது மாத்திரம் 'போகையிலை' என நின்றதால் அப்பெயர் வந்ததாம். போர்த்துக்கீசியர் காலத்தில் கப்பலேறி வந்த இலைக்குப் பிரமனையே உடைமைக்காரன் ஆக்கிய துணிவை மெச்சாதிருத்தல் இயலாது. இவ்வளவு அன்பையும் ஒரு பொருள் வெறும் மயக்கத்தினாலேயே பெற்றதென்று சொன்னால் நாம் நம்பமாட்டோம்.

இனி மறுபக்கம். அந்நால்வருள் ஒருவர்க்கு நாவின் அடியில் புண் ஒன்று தோன்றியது. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டதென்று சில மாதம் இருந்துவிட்டனர். கோயமுத்தூருக்கு அழைத்துச் சென்றபோது காலம் கடந்திருந்தது. ஓராண்டிற்குள் இறந்தார், கடைசி மூன்று மாதம் கஞ்சியும் இறங்கவில்லை. 1950-இலேயே டால், ஹில் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இருவர் சுவாசப்பைப் புற்றுக்கும் புகைக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையால் காட்டிவிட்டனர். சுங்கான் புகையையும் சுருட்டுப் புகையையும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே கேடில்லை என்று சமாதானம் சொல்வோர் உண்டு. வாயும் நாவும் தொண்டையும் அவர்களுக்கு இல்லை போலும்.

மச்சானை எரித்துவிட்டு வந்த அன்றே நம் பாட்டனார் சுருட்டை விட்டார். நாம் சொல்லவந்த செய்தி இதுவன்று, அதன்பின் நிகழ்ந்ததே. சுருட்டை விட்டவர் திண்ணையையும் விட்டார். பொழுது சாய்ந்தால் கை சும்மா இராது என்ற பயத்தால் உள்ளறையில் சென்று படுத்துக்கொள்வார். எஞ்சிய இருவரும் இரண்டு நாள் வந்து பார்த்து, தம்மீது ஏதோ மனத்தாங்கல் என்று கருதி வருவதை நிறுத்தினர். ஒரு சாவில் நான்கு பேரின் கூட்டம் கலைந்தது. இரண்டு மாதம் அவ்வீடு இருந்த இருப்பை நாம் மறக்கவில்லை. பாட்டியார்தாம் ஒருநாள் அவ்விருவரையும் ஆளனுப்பி வரவழைத்து, ஒரு முறம் வறுத்த கடலைக்காயைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே சென்றார். மூவரும் ஒன்றும் பேசாமல் தோலுரிக்கத் தொடங்கினர். உரிப்பதற்குக் கை வேண்டும். ஒவ்வொன்றாகத் தின்ன நேரம் வேண்டும். சிறிது நேரத்தில் ஒருவர், இவ்வருஷம் காய் ஏன் சப்பென்றிருக்கின்றது என்றார். உடனே கிணறு வந்தது, மழை வந்தது, பருத்தி வந்தது. அன்று தொடங்கிய கூட்டம் பத்தாண்டுக்குமேல் நடந்தது.

ஆகவே திண்ணையில் நாம் கண்ட இன்பத்தில் பெரும்பகுதி புகையிலையினுடையதன்று என்று துணிகின்றோம். கைக்கு ஒரு சிறுவேலை, நேரத்திற்கு ஒரு சாக்கு, கொடுக்கவும் வாங்கவும் ஒரு பொருள், இவற்றிற்குப் புகையிலை நெடுங்காலம் கூலியாளாக இருந்து, கூலியாக உயிரையே கேட்டது.

இதனை நம் உபாத்தியாயர்கள் மாத்திரமன்றி, திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகள் நடத்தும் நம் பழைய மாணவரும் கவனித்தல் வேண்டும். அங்கே பஞ்சுத்தூசு பறக்கும் கூடத்தில் நெருப்புக்கு இடமில்லை. ஆதலின் பீடி பிடிப்பவன் வாசலுக்கு வெளியே செல்லலாம். தேநீர் வேளையன்றி வேறு சமயத்தில் அவன் பத்து நிமிஷம் நின்றாலும் மேற்பார்வையாளர் கண்டுகொள்வதில்லை. பீடி பிடிக்காதவன் அவ்வாறு நின்றால், "உனக்கு வெளியே என்ன வேலை?" என்ற கேள்வி பிறக்கும். நம் உறவினன் ஒருவன் ஒன்றரை ஷிப்டு தையல் வேலையில், வானத்தைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிஷத்திற்காகவே பீடி கற்றான். இன்று விடவும் இயலாது தவிக்கின்றான். பிசிறு வெட்டியும் துணி சோதித்தும் நாள் முழுதும் நிற்கும் பெண்களுக்கோ அந்தச் சாக்கும் இல்லை. ஒரு பெஞ்சும், ஒரு வேப்பமர நிழலும், காரணம் கேட்கப்படாத பத்து நிமிஷமும் அளிப்பதால் ஏற்றுமதி குன்றிவிடாது. கலாசாலையைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கின்றது, நன்று. ஆனால் அந்த 100 கஜத்தையும் கடந்து நம் மாணவர் சென்று நிற்கும் இடம் எது, அங்கே அவர்களுக்குக் கிடைக்கும் தோழமை விடுதிக்குள் ஏன் கிடைக்கவில்லை என்பதையும் எவரேனும் கேட்கலாம்.

அத்திண்ணை இப்பொழுது இல்லை; அவ்விடத்தில் விசைத்தறிக் கொட்டகை நிற்கின்றது. நால்வருள் ஒருவர் மாத்திரம் இருக்கின்றார். சென்ற பொங்கலுக்கு அவரைப் பார்க்கச் சென்றோம். கண்பார்வை மங்கிவிட்டது, குரலைக் கொண்டு நம்மை அறிந்துகொண்டார். நாற்காலியை நெருங்கப் போடச் சொல்லி, "வெறுங்கையோடயா வந்த? கடலைக்காய் கொண்டாரலியா?" என்றார்.