இன்ச் மட்டும் பார்த்தால் போதுமா? அலாய் வீல் மாற்றுவோர் கேட்க மறக்கும் ‘ஆஃப்செட்’ எண்

புது கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ஸ்டீல் ரிம்மைக் கழற்றிவிட்டு அலாய் வீல் போட வேண்டும் என்று மனசு அரிக்கத் தொடங்கிவிடும். கடைக்குப் போனால் பேச்சு பெரும்பாலும் மூன்று விஷயங்களோடு முடிந்துவிடும். எத்தனை இன்ச், என்ன டிசைன், என்ன விலை.

“நாலு நட்டும் கரெக்டா உட்காருது சார், எடுத்துட்டுப் போங்க” என்று கடைக்காரர் சொல்வார். வண்டியும் ஜம்மென்று இருக்கும். ஒரு வாரம் கழித்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்படும்போதுதான் ஸ்பீடு பிரேக்கரில் ‘கரகர’ என்று சத்தம் கேட்கும். டயர் மட்கார்டில் உரசுகிறது. நட்டு சரியாகப் பொருந்திய வீல் ஏன் உரச வேண்டும்? யாரும் கேட்காமல் விட்ட நான்காவது விஷயம்தான் காரணம். அதன் பெயர் ஆஃப்செட்.

ஆஃப்செட் என்றால் என்ன?

ஒரு வீலை நிற்க வைத்து, அதன் அகலத்தின் சரிபாதியில் ஒரு கோடு போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காரின் ஹப்போடு வீல் ஒட்டி உட்காரும் தட்டையான முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ, அதுதான் ஆஃப்செட்.

அந்த முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்புறம், அதாவது ரோட்டைப் பார்த்த பக்கம் இருந்தால் பாசிட்டிவ் ஆஃப்செட். சரியாக நடுவில் இருந்தால் ஜீரோ. உள்பக்கம் தள்ளி இருந்தால் நெகட்டிவ். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும், கூடக் கூட உள்ளே போகும். இன்றைய ஹேட்ச்பேக், செடான் கார்களில் பெரும்பாலும் பாசிட்டிவ் ஆஃப்செட்தான்.

வீலில் இது ‘ஈ.டி. 45’ என்பதுபோல் பொறிக்கப்பட்டிருக்கும். ‘ஐன்பிரெஸ்டீஃபே’ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கமே இந்த ஈ.டி.

எந்த எண் நல்லது?

பொதுவாக நல்ல எண், கெட்ட எண் என்று எதுவும் இல்லை. காரின் சஸ்பென்ஷனும் ஹப்பும் எந்த எண்ணை நம்பி வடிவமைக்கப்பட்டனவோ, அதுதான் அந்தக் காருக்குச் சரி. மாருதி ஜிம்னியின் 15 இன்ச் கம்பெனி வீலுக்கு ஆஃப்செட் வெறும் 5 மி.மீ. அதே எண்ணை ஒரு ஹேட்ச்பேக்கில் போட்டால் டயர் பாடியை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

நட்டு உட்கார்ந்தால் போதும் என்ற எண்ணம் ஆபத்தாவதும் இதனால்தான். மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20 இரண்டுக்கும் நான்கு நட்டு, 100 மி.மீ. வட்டம். நடுத்துளையின் அளவும் 54.1 மி.மீ. ஆகவே ஒன்றின் வீல் மற்றதில் ஏறிவிடும். ஆனால் ஏறிய பிறகு அது எங்கே நிற்கும் என்பதை நட்டு சொல்லாது, ஆஃப்செட்தான் சொல்லும்.

ஒரு சின்ன கணக்கு

உதாரணத்துக்கு, காரில் இருப்பது 6 இன்ச் அகலம், ஆஃப்செட் 45 கொண்ட வீல். மாற்றப்போவது 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 35.

அகலம் 1 இன்ச் கூடுகிறது, அதாவது 25.4 மி.மீ. இதில் பாதி வெளிப்பக்கமும் பாதி உள்பக்கமும் போகும். பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆஃப்செட் 10 குறைவதால் வீல் மொத்தமாக 10 மி.மீ. வெளியே நகரும்.

வெளிப்பக்கம்: 12.7 + 10 = 22.7 மி.மீ. வெளியே வரும்.
உள்பக்கம்: 12.7 – 10 = 2.7 மி.மீ. உள்ளே போகும்.

‘ஒரு இன்ச் அகலம்தானே’ என்று வாங்கிய வீல், மட்கார்டு பக்கம் கிட்டத்தட்ட 23 மி.மீ. இடத்தைப் பிடித்துவிட்டது. ஆஃப்செட்டை 45 என்றே வைத்திருந்தால் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ.தான் கூடியிருக்கும். அப்போது உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனவே அகலமும் ஆஃப்செட்டும் சேர்ந்தேதான் கணக்கு.

தப்பினால் என்ன ஆகும்?

உரசல் சத்தம் காதில் கேட்டுவிடும், உடனே கவனிக்கலாம். கேட்காமல் நடக்கும் சேதம்தான் பெரிய தலைவலி.

வீல் வெளியே நகர்ந்தால் வண்டியின் எடை விழும் இடமும் வெளியே நகர்கிறது. வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அந்தக் கூடுதல் பாரம் வீல் பேரிங் மீதும் சஸ்பென்ஷன் இணைப்புகள் மீதும் விழும். அவை சீக்கிரம் தேயும்.

ஸ்டீயரிங்கும் மாறும். முன்சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையில் பதியும் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கார் நிறுவனங்கள் மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிவமைக்கின்றன. ஆஃப்செட் மாறினால் இந்தத் தூரமும் மாறும். பள்ளத்தில் இறங்கும்போதோ, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மணலில் இருக்கையில் பிரேக் அடிக்கும்போதோ ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும்.

ஆஃப்செட் தேவைக்கு மேல் கூடி வீல் உள்ளே போனாலும் சிக்கல்தான். டயரின் பக்கச் சுவர் ஷாக் அப்சார்பரிலோ பிரேக் ஹோஸிலோ உரசும். வெளியே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

ஸ்பேசர் போட்டு சரிசெய்யலாமா?

ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் உலோக வளையம்தான் ஸ்பேசர். 20 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஆஃப்செட் 45 ஆக இருந்தது 25 போல் வேலை செய்யும். வீல் உள்ளே உரசினால் இது உதவும், மட்கார்டில் உரசினால் நிலைமையை மோசமாக்கும்.

நட்டு பிடிக்க மிஞ்சும் மரையின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. 12 மி.மீ. ஸ்டட் என்றால் 12 மி.மீ. மரை. அதற்குக் குறைந்தால் அந்த வேலையே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

ஆனால் ஆர்சியில் ஆஃப்செட் என்ற எண்ணே கிடையாது. பாடிக்கு வெளியே துருத்தும் டயர் வாகனச் சோதனையில் கண்ணில் படும். உள்ளே பேரிங் தேய்வதை எந்தச் சோதனையும் பிடிக்காது. ஆகவே சட்டத்துக்கு பயந்து மட்டும் இதைச் சரிபார்த்தால் போதாது.

இன்சூரன்ஸும் முக்கியம். வெளியில் வாங்கிய வீலைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரிவித்து பாலிசியில் சேர்க்காவிட்டால், விபத்துக்குப் பிறகு கிளெய்மில் இழுபறி வரலாம்.

வாங்கும் முன் என்ன செய்வது?

முதலில் உங்கள் காரின் சொந்த எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வீலைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ‘6ஜே × 15, ஈ.டி. 45’ என்பதுபோல் இருக்கும். அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புது வீலில் எண் இல்லையா? அளந்துவிடலாம். வீலின் முகம் தரையைப் பார்க்கும்படி படுக்க வைத்து, பின் விளிம்புகளின் மேல் நேரான கட்டை ஒன்றை வையுங்கள். கட்டையிலிருந்து ஹப் ஒட்டும் முகம் வரை அளந்து, அதிலிருந்து வீலின் மொத்த அகலத்தில் பாதியைக் கழியுங்கள். விளிம்புகளையும் சேர்த்தால் 6 இன்ச் வீலின் மொத்த அகலம் சுமார் 178 மி.மீ., பாதி 89. கட்டையிலிருந்து அளந்தது 134 என்றால் ஆஃப்செட் 45.

மாட்டிய பிறகு காசு கொடுக்கும் முன், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். நாலைந்து பேரை உட்கார வைத்து ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். காலியான வண்டியில் உரசாத டயர், குடும்பத்தோடு போகும்போது உரசலாம்.

ரொம்ப யோசிக்க விரும்பாதவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. உங்கள் மாடலின் டாப் வேரியண்ட்டில் வரும் கம்பெனி அலாய் வீலையே அதற்கான டயர் அளவோடு வாங்குவதுதான் அது. வெளிக்கடைதான் என்றால், இன்ச்சையும் விலையையும் கேட்ட கையோடு, “இதோட ஆஃப்செட் எவ்வளவுண்ணே?” என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வீல் வாங்காமல் திரும்புவதே நல்லது.