வரையறைக்கு முன் வரைந்து பாருங்கள்

மாணவர்களே! கல்லூரியில் கணிதம் படிக்கும் அண்ணனோ அக்காளோ உங்கள் வீட்டில் இருந்தால், கோட்டுருவியல், அதாவது கிராஃப் தியரி, எப்படித் தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கரும்பலகையில் முதலில் விழுவது ஒரு வரையறை. அதை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் அடுத்த வரையறை. இந்த முறை சரியல்ல என்பது என் கருத்து. நான் இயற்பியல் ஆசிரியன். கணித ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையை எடுத்துக்கொள்வோம். மலையைச் சுற்றி ஏறக்குறைய 14 கிலோமீட்டர். வழியில் இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே. அடி அண்ணாமலையோ மலைக்கு அந்தப் பக்கம். எட்டு லிங்கங்களுக்கு எட்டுப் புள்ளிகள், அடி அண்ணாமலைக்கு ஒன்று வையுங்கள். அடுத்தடுத்த புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். 9 முனைகள், 9 விளிம்புகள் கொண்ட ஒரு 'சுற்று' கிடைத்துவிட்டது. பாதை வளைகிறதா, நேராகப் போகிறதா என்பது இங்கே பொருட்டல்ல. எது எதனோடு இணைந்திருக்கிறது என்பதே பொருட்டு.

பௌர்ணமி இரவு. பாதை நிறைய மக்கள். அடி அண்ணாமலையில் ஒருவருக்கு நெஞ்சு வலி. இந்திர லிங்கத்தின் அருகிலிருந்து ஆம்புலன்ஸ் வர வேண்டும். கிளைச் சாலைகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு விளிம்பு நெரிசலில் அடைபட்டால் என்ன ஆகும்? வண்டி மறுபக்கமாகச் சுற்றி வரலாம். இரண்டு விளிம்புகள் அடைபட்டால்? சுற்று இரண்டு துண்டாகிவிடும். ஆனால் ஆம்புலன்ஸ் எப்போதும் நின்றுவிடுமா? அடைபட்ட இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் நிற்காது. பக்கத்துக்கு ஒன்றாக இருந்தால்தான் நிற்கும். பென்சிலால் அழித்துப் பாருங்கள், புரியும்.

இனி அடி அண்ணாமலையையும் இந்திர லிங்கத்தையும் ஒரு கோட்டால் நேரே இணையுங்கள். (மலையைக் குடையச் சொல்லவில்லை, தாளில்தான்!) இப்போது அவ்விரண்டையும் பிரிக்கக் குறைந்தது மூன்று விளிம்புகளை அடைக்க வேண்டும். கார்ல் மெங்கர் 1927இல் வெளியிட்ட தேற்றத்தின் வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள். பட்ட வகுப்பில் அதே தேற்றம் நிறுவலோடு திடீரென்று வரும்போது மாணவர்கள் மிரண்டு போகிறார்கள்.

என் பாடத்துக்கும் இதில் பங்கு உண்டு. விளிம்புகளிலிருந்து முனைகளைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். முதல் படத்தில் 1; புதுக் கோடு சேர்ந்தபின் 2. அந்தப் படம் ஒரு மின்சுற்றாக இருந்தால், கிர்க்காஃப் விதிப்படி எழுத வேண்டிய தனித்த கண்ணிச் சமன்பாடுகள் அத்தனையே. கிர்க்காஃப் இதை 1847இலேயே ஆராய்ந்தார்.

நல்ல நூல்களுக்கும் நம்மிடம் குறைவில்லை. தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள் ஆர். பாலகிருஷ்ணனும் கே. ரங்கநாதனும் எழுதிய பாடநூலை ஸ்பிரிங்கர் நிறுவனம் 2000இல் வெளியிட்டது. அதைத் திறக்குமுன் நூறு படங்களாவது வரைந்திருக்க வேண்டும் என்பேன். நுண்கணிதம் தேவையில்லாத இந்தத் தொடக்கப் பகுதியை எட்டாம் வகுப்பிலேயே தொடங்கலாம்; கல்லூரி வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

புதுக் கோடு சேர்த்த படம் இன்னும் உங்கள் முன்னால் இருக்கிறதல்லவா? ஒவ்வொரு விளிம்பிலும் ஒரே ஒரு முறை நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடியுமா? முடியாதென்றால், எங்கே புறப்பட்டு எங்கே முடிக்கலாம்? 1736இல் ஆய்லர், கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி ஆராய்ந்ததும் இத்தகைய கேள்வியைத்தான். ஒவ்வொரு முனையிலும் எத்தனை கோடுகள் கூடுகின்றன என்று எண்ணிப் பார்த்துத் தொடங்குங்கள்.