கேட்டுவிட்டுக் கோடு போடுங்கள்

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் இருபத்தைந்து வருடமாக அதே வேப்பமரத்தடியில் நிற்கிறார். மழைநீர் வடிகால் வெட்ட ஆட்கள் வந்த அன்றே என்னிடம் சொன்னார். "சார், தண்ணி இந்தப் பக்கம் போகாது. 2015 வெள்ளத்துல பார்த்தோமே, கிழக்கால காலி மனை வழியாத்தான் குட்டைக்கு இறங்குச்சு. இவங்க மேற்கால வெட்டுறாங்களே?"

"லெவல் எடுத்துத்தாம்ப்பா போடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் பால் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. புது வடிகால் ஒரே ராத்திரியில் நிரம்பி, தண்ணீர் திரும்பி எங்கள் தெருவுக்கே வந்தது. மூன்று நாள் முழங்கால் அளவு. முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மனைவியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனார்கள். தூக்கிய நாலு பேரில் ஒருவர் அந்த இஸ்திரிக்காரர். "அன்னிக்கே சொன்னேனே சார்" என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

இந்தக் கதையை என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளரிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்தார். "அதுக்காக இஸ்திரிக்காரரைக் கேட்டா ஓய் டிரெயினேஜ் டிசைன் பண்ண முடியும்? டாக்டர் நோயாளியைக் கேட்டா மருந்து எழுதறார்?"

அப்போது பதில் தோன்றவில்லை. போனை வைத்த பிறகுதான் தோன்றியது. நல்ல டாக்டர் மருந்தை நம்மிடம் கேட்பதில்லை, வாஸ்தவம். ஆனால் உட்கார்ந்ததும் முதலில் என்ன கேட்கிறார்? "என்ன செய்யுது? எங்கே வலிக்குது? எத்தனை நாளா?" அதைக் கேட்காமல் சீட்டு எழுதுகிறவரிடம் நாம் இரண்டாம் தடவை போவோமா?

இது என் சொந்தச் சரக்கு இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே நம் மண்ணில் ஒருவர் சொன்னதுதான். பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உயிரியல் படித்தவர். சென்னை கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-ல் இந்தியாவுக்கு வந்தார். நகர அமைப்பைப் பற்றி அவர் சேர்த்து வைத்திருந்த படங்கள், வரைபடங்கள் அடங்கிய கண்காட்சி தனிக் கப்பலில் வந்தது. அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமா? சென்னை மீது குண்டு போட்டதே அதே எம்டன்! இன்றைக்கும் கெட்டிக்காரப் பையனை "சரியான எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன்தான். மனிதர் அசரவில்லை. மறுபடி படங்களைச் சேகரித்து 1915-ல் சென்னையில் கண்காட்சி வைத்தார்.

பிறகு மதுரை, தஞ்சாவூர் என்று மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். வண்டியில் உட்கார்ந்து பார்க்கவில்லை. சந்து சந்தாக நடந்தார். சிகிச்சைக்கு முன் நோயைக் கண்டறி என்பதே அவருடைய பாடம். பழைய வீடுகளை வரிசையாக இடித்து நேர்ரோடு போட வேண்டும் என்று திட்டம் தீட்டிய இடங்களில், இங்கே ஒரு பாழ்சுவர், அங்கே ஒரு இடிந்த வீடு என்று கொஞ்சமாக எடுத்தாலே காற்றும் வெளிச்சமும் வரும், மரத்தடியும் பிழைக்கும், செலவும் பல மடங்கு குறையும் என்று காட்டினார். பின்னால் இந்தூரில் ஒரு வேடிக்கை செய்தார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் போகாது, எந்தத் தெரு சுத்தமாக இருக்கிறதோ அந்த வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவன் நான். டிரேசிங் பேப்பரும் அம்மோனியா பிரிண்ட் வாசனையும்தான் என் வாழ்க்கை. ஒருமுறை ஒரு சிறு ஊருக்குப் பேருந்து நிலையம் வரைந்தோம். பெண்கள் கழிப்பறையைப் பின்பக்க மூலையில், விளக்குக் கம்பம் இல்லாத இடத்தில் வைத்தேன். காரணம், தாளில் அங்கேதான் இடம் மிச்சம் இருந்தது. பத்து வருடம் கழித்து அந்த ஊரில் ஒரு கல்யாணம். ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் மனைவி அந்த இருட்டு மூலையைப் பார்த்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தாள். "எந்தப் புண்ணியவான் இதை இங்கே கொண்டுபோய் வச்சானோ!" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

அந்த ஊரில் பூ விற்கிற ஒரு அம்மாவிடம் ஐந்து நிமிஷம் கேட்டிருந்தால் போதும். கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, என் மேலதிகாரிக்கும் தோன்றவில்லை.

சரி, இன்றைக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1992-ல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. அதில் முதலாவதே நகரத் திட்டமிடல்தான். மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றும் சொன்னது. நம் மாநிலத்தில் நடந்தது என்ன? 2016 முதல் 2022 வரை நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. கிராமசபை போல நகரத்திலும் பகுதி சபை கூடியது 2022 நவம்பரில்தான். முப்பது வருடம்!

கூடியதே நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நாம் என்ன பேசுகிறோம்? தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, நாய்த்தொல்லை. எல்லாம் புகார். திட்டம் அங்கே வருவதே இல்லை. அது எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, ஜேசிபி வந்து நின்ற பிறகுதான் நமக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு ஒரு "கருத்துக் கேட்பு". வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு, யாரும் போகாத ஒரு மண்டபத்தில். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரைபடம். அத்தனை வருடம் வரைபடத்தோடு குடித்தனம் நடத்திய எனக்கே அந்த எழுத்து தெரியவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று பெண்ணிடம் கேட்கிற கதைதான்.

மக்களெல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. குப்பைத்தொட்டி வேண்டும், ஆனால் எதிர்வீட்டு வாசலில் வேண்டும் என்பவர்கள்தானே நாம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் எல்லாரும் வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, தள்ளுவண்டிக்காரர் யாருமே இல்லை. ஆனால் வெளியே "பொதுமக்கள் கருத்து" என்று கையெழுத்துப் போடுவது நாங்கள்தான். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் சங்கத்தில் இதைப் படித்துக் காட்டினேன். "மொதல்ல அந்த வண்டியை மரத்தடியிலிருந்து எடுக்கச் சொல்லணும் சார்" என்றார் ஒருவர். எந்த வண்டி என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

சாதாரண ஜனங்களுக்கு இதெல்லாம் முடியாது என்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டுவேன். 1996-ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். குறைகள் இருந்தன, சண்டைகளும் இருந்தன. ஆனால் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து தங்கள் ஊருக்கான திட்டத்தைத் தாங்களே எழுதினார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, கோடு போடுவதற்கு முன்னால் பொறியாளர் ஒரு நாள், முடிந்தால் ஒரு மழை நாள், அந்தத் தெருவில் நடக்கட்டும். அங்கே இருப்பவர்களையும் பிழைப்பவர்களையும் கேட்கட்டும். இரண்டு, வரைபடத்தைத் தமிழில், பெரிய எழுத்தில், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டட்டும். மூன்று, சொன்ன யோசனையை ஏற்கவில்லையா, ஏன் என்று எழுத்தில் பதில் தரட்டும். இதற்குக் கோடிகள் வேண்டாம். மறுபடி தோண்டி மறுபடி கட்டுகிற செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு நேரம் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, மனு எழுதத் தெரியும். பார்க் பெஞ்சில் திட்டுகிற திட்டில் பாதியைப் பகுதி சபையில் போய்ப் பேசினால் போதும். பேசத் தெரியாதவரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

அடுத்த கூட்டத்துக்கு இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டேன். "எனக்கு இந்த வார்டுல ஓட்டு இல்லையே சார், பேச விடுவாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பகுதி சபை என்பது அந்தப் பகுதி வாக்காளர்களுக்குத்தான். "எனக்கு ஓட்டு இருக்கு. நான் எழுந்து நின்னு, என் நேரத்தை உங்களுக்குத் தர்றேன்னு சொல்றேன். தண்ணி எப்படிப் போகுதுன்னு நீங்க சொல்லுங்க" என்றேன். வருகிறேன் என்றிருக்கிறார். என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.