அழிப்பதா, எஞ்சுவதைக் காப்பதா?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுக் கைப்பேசிக்குள் எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளம் இருக்கிறது. அமெரிக்கரான ரிச்சர்டு ஹிப் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. தனிக் கணினி கேளாது, செயலிக்குள்ளேயே அடங்கும். தரவு முழுவதும் ஒரே கோப்பில்.

அதில் 10 இலட்சம் பதிவுகளுள் 9 இலட்சத்தை நீக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் தனிப் பணியாக நீக்கினால், ஒவ்வொரு முறையும் அது வட்டில் பதிந்து முடியும்வரை காத்திருக்க நேரும். எல்லாவற்றையும் ஒரே பணியாகக் கட்டினால் அந்தக் காத்திருப்பு பெரிதும் குறையும். ஆனால் நூலின் கடைசியில் சொல்லடைவு இருப்பதுபோல் அட்டவணைக்கும் அடைவுகள் உண்டு. நான்கு அடைவுகள் இருந்தால் ஒரு பதிவை ஐந்து இடங்களில் அடிக்க வேண்டுமே! அது முடியும்வரை வேறெவரும் அந்தக் கோப்பில் எழுதவும் முடியாது.

பெரும்பகுதி போவதானால் அழிக்கவே முற்படக் கூடாது என்பது என் கட்சி. எஞ்சும் ஒரு இலட்சத்தைப் புதிய அட்டவணைக்கு நகலெடுங்கள். பழையதை அப்படியே தள்ளிவிட்டு, அதன் பெயரைப் புதியதற்குச் சூட்டுங்கள். அடைவுகளைக் கடைசியில் அமையுங்கள். இடையில் மின்சாரம் போனால்? இவை அனைத்தையும் ஒரே பணியாகக் கட்டியிருந்தால் பழைய அட்டவணை பழையபடியே கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் கோப்பு இளைக்கவில்லையே என்று திகைக்காதீர்கள். காலியான பக்கங்கள் மறுபயனுக்காக உள்ளேயே கிடக்கின்றன. 'வேக்குவம்' என்ற கட்டளையைத் தந்தால் கோப்பு சுருங்கும்.