ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான்

காரோட பின்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டுலயே நாமளே மாத்தலாமா? ஒரு டாக்டர்கிட்ட கேக்கிற கேள்வியான்னு சிரிக்காதீங்க. என் காருக்கு நானே மாத்தியிருக்கேன். காருக்கு அடியில் மாட்டி காஷுவாலிட்டிக்கு வந்தவங்களையும் பார்த்திருக்கேன். ரெண்டையும் வச்சுத்தான் இந்த த்ரெட்.

என் கருத்து: மாத்தலாம், தாராளமா. நம்ம ஊர் சின்ன கார்கள் பலதுல பின்பக்கம் ஸ்பிரிங் தனியா, ஷாக் தனியா இருக்கும். மேல ஒரு நட், கீழ ஒரு போல்ட், அவ்வளவுதான் வேலை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேர்ந்து வர்ற மாடல்னா மட்டும் விட்டுடுங்க. அழுத்தி வச்ச ஸ்பிரிங் விடுபட்டா முகத்தைப் பெயர்த்துடும். அது கத்துக்குட்டி வேலை இல்லை.

ஆனா ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட் வாங்க மனசில்லைன்னா ஸ்பேனரையே தொடாதீங்க. இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

காரோட வர்ற ஜாக்கி, ஸ்டெப்னி மாத்துறதுக்காகக் கொடுத்தது. தூக்குறது அதோட வேலை, தாங்குறது இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கி வச்சிருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க. உள்ள சீல் கசிஞ்சா சத்தமே இல்லாம இறங்கும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் அடுக்கவே கூடாது. விரிசல் விட்டு எச்சரிக்கை எல்லாம் கொடுக்காது, ஒரே நொடியில நொறுங்கிடும்.

வீடியோக்கள் பலதுல சொல்லாத இன்னொண்ணு. பெரும்பாலான கார்கள்ல ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். நீங்க தூக்கப் போறதே பின் சக்கரத்தை! அது அந்தரத்துல தொங்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டாலும் போடாத மாதிரிதான். அதனால சமதளமான சிமென்ட் தரை, முன் சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் நல்ல கட்டை, வண்டி கியர்ல. இவ்வளவும் ஆன பிறகுதான் ஜாக்கி. வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே லேசா தளர்த்திக்கோங்க. ஸ்டாண்ட் மேல உட்கார வச்ச பிறகு வண்டியை நல்லா உலுக்கிப் பாருங்க. விழணும்னா நீங்க வெளிய நிக்கும்போதே விழட்டும். கழட்டின சக்கரத்தையும் பாடிக்கு அடியில் தள்ளி விடுங்க. காசில்லாத இன்சூரன்ஸ் அது.

ஏன் இவ்வளவு பயமுறுத்துறேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை 108-ல ஒருத்தரைக் கொண்டுவந்தாங்க. ஜாக்கி சரிஞ்சு கார் நெஞ்சு மேல இறங்கியிருக்கு. உடம்புல பெரிய காயம் ஒண்ணும் இல்லை. கையில கிரீஸ் கூட காயலை. முகமும் கழுத்தும் மட்டும் கருநீலமா இருந்துச்சு, கண் வெள்ளையில ரத்தப் புள்ளிகள். உயிர் ஏற்கெனவே போயிருந்துச்சு. மூச்சு விடணும்னா நெஞ்சு விரியணும். சின்ன கார்னாலும் பின்பக்கம் சுமார் 300 கிலோ வரும். அது மேல உட்கார்ந்தா விலா எலும்பு உடையணும்னுகூட இல்லை, விரிய இடமில்லாம போனாலே போதும். கத்துறதுக்கும் காத்து வேணுமே. வாசல்ல வேலை பார்த்த மனுஷன் விழுந்தது உள்ள சமையல்கட்டுல இருந்தவங்களுக்குத் தெரியவே இல்லை. அதனால தனியா இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். யாராவது ஒருத்தர் கூப்பிடு தூரத்துல இல்லை, கண் பார்வையிலயே இருக்கணும்.

அப்படி யாராவது மாட்டிட்டா, ஆளை இழுக்காதீங்க, வண்டியைத் தூக்குங்க. நெஞ்சு மேல பாரம்னா ஒரு நொடி கூட காத்திருக்கக் கூடாது. மூச்சும் அசைவும் இல்லைன்னா நெஞ்சை அழுத்தி சிபிஆர் ஆரம்பிங்க, இன்னொருத்தர் 108-க்குப் பேசட்டும். கால் ரொம்ப நேரம் நசுங்கி இருந்ததுன்னா எவ்வளவு நேரம்னு ஆம்புலன்ஸ்ல சொல்லுங்க. நசுங்கின தசையில இருந்து பொட்டாசியம் ரத்தத்துல கலந்தா இதயமே நிக்கலாம், கிட்னியும் அடி வாங்கும். 1941-ல லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகள்ல இருந்து மீட்டவங்ககிட்ட பைவாட்டர்ஸும் பீலும் விவரிச்சது இதைத்தான். வெளிய எடுத்ததும் நல்லா பேசினாரு, அப்புறம்தான் மோசமாயிட்டாருன்னு சொந்தக்காரங்க சொல்வாங்க. அதுக்குக் காரணம் இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க. ஷாக்கைக் கழட்டுற முன்னாடி ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுங்க. ஆக்சில் கீழ தொங்காம பிடிச்சிருக்கிறதே பல வண்டிகள்ல ஷாக்தான். முட்டு இல்லாம கழட்டினா ஸ்பிரிங் நழுவும், பிரேக் ஹோஸ் இழுபடும். பக்கத்துக்கு ஒண்ணா, ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்தது. ஆனா ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. பளபளன்னு இருக்கிற கம்பியைப் பிளையரால் பிடிக்காதீங்க, ஒரு கீறல் விழுந்தா புது ஷாக்கும் ஆயில் கசியும். கீழ் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குறது வண்டி பாரம் சக்கரத்துல இறங்கின பிறகுதான். தொங்கும்போதே இறுக்கினா உள்ள இருக்கிற ரப்பர் புஷ் முறுக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுடும்.

கண்ணாடி போட்டுக்கோங்க. கூலிங் கிளாஸ் இல்லை, பக்கவாட்டுலயும் மூடின சேஃப்டி கண்ணாடி. மல்லாந்து படுத்துத் தட்டினா துரு நேரா கண்ணுலதான் விழும். விழுந்தா கசக்காதீங்க, கர்ச்சீப் நுனியால எடுக்கச் சொல்லாதீங்க. சுத்தமான தண்ணில கழுவிட்டு கண் டாக்டர்கிட்ட போங்க.

"எங்க தெரு மெக்கானிக் முப்பது வருஷமா வெறும் ஜாக்கியிலதான் பண்றாரு, என்ன ஆச்சு?"ன்னு கேப்பீங்க. அவருக்கு ஒண்ணும் ஆகலைங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். அடியில் படுக்கிறது பெரும்பாலும் அவர் இல்லை, அங்க வேலை கத்துக்க வந்த பையன். ஷெட்டுக்கு வண்டி விடும்போது ஆயில் எந்த பிராண்டுன்னு கேக்கிறோம், பில்லுல நூறு ரூபா குறைக்கச் சொல்றோம். "ஸ்டாண்ட் இருக்கா அண்ணே?"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. இல்லைன்னா, நீங்க வாங்கின ஜோடியை டிக்கியில போட்டுட்டே போங்க.